தரையில் படாத கால்

அத்தியாயம் பதினொன்று

விசையனின் குத்து இந்தத் தடவையும் விழவில்லை.

மைவிரல் காகிதத்தைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். எழுந்து போகச் சோம்பலாய்ச் சக்கரம் வைத்த மேசை நாற்காலியிலேயே உருண்டு போய், சுவர்க் கண்ணாடியில் காட்டிப் பார்த்தாள். படம் வரைகிறவர்கள் தங்கள் தவறைத் தாங்களே பிடிக்கச் செய்கிற வித்தைகள் எல்லாம் செய்தாகிவிட்டது.

முஷ்டி சரி. தோள் சரி. பாறைக்கை என்கிற அந்த வில்லனின் தாடை சரி. முஷ்டி தாடையில் படுகிற இடமும் சரி. எல்லாம் சரியாக இருந்தும் அது அடியாக இல்லை.

வேகம் போதவில்லையோ என்று முஷ்டிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வேகக் கோடுகளை இழுத்தாள். அங்கேதான் விந்தை. பத்துக் கோடு இருந்தபோது அறைகிறவன் போல இருந்தவன், ஐம்பது கோடு போட்டதும் விசிறி வீசுகிறவன் போல ஆகிவிட்டான். கோடு ஏற ஏற அடி இளைத்தது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

மேசைக்கடியில் கசங்கிய காகிதங்கள் கணுக்கால் வரை கிடந்தன. எல்லாவற்றிலும் விசையன் கையை ஓங்கிக்கொண்டிருந்தான். ஒன்றில்கூட யாரும் விழவில்லை.

"டீச்சர்!" தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தம்பியின் குரல் வந்தது. "உன் அண்ணிகிட்ட சொல்லு. நாலு மணிக்கு எடிட்டருக்குப் படக்கதைப் பக்கம் போயாகணும். அடி சரியா வரலைன்னா அடுத்த இதழ்லேர்ந்து வேற ஆள்னு அவரே சொல்லிட்டார்."

"அவங்களுக்குக் காது நல்லாவே கேக்குது. நடுவுல இருக்கறது பிளைவுட்டுங்க, மலை இல்ல," என்றாள் டீச்சர்.

பெற்றோர் விட்டுப்போன அந்த வீட்டின் கூடத்தில் பிளைவுட் தடுப்பு முளைத்து மூன்று வாரம் ஆகிறது. அக்கா வரைய, தம்பி எழுத, பன்னிரண்டு வருஷமாக ஒரே மேசையில் வளர்ந்த படக்கதை நாயகன் விசையன். போன மாதம், 'படம் பழசாயிடுச்சு' என்று எடிட்டரிடம் தம்பி போட்டுக்கொடுத்தது அக்காவின் காதுக்கு வந்தது. மறுநாளே தச்சரைக் கூப்பிட்டாள். தடுப்பு கூரைவரை எட்டாததால் சண்டைக்கு ஒரு குறையும் வரவில்லை.

பேச்சு மட்டும் நின்றது. தம்பியின் மனைவிதான் தபால்காரி. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் என்பதால் வீட்டிலும் எல்லோருக்கும் அவள் டீச்சர். தம்பி மூச்சுவிடாமல் பேசுவதால் அவனுக்குத் தந்தி என்று பெயர். அக்காவின் விரல்களில் மை போனதே இல்லை; எனவே மைவிரல்.

"டீச்சர், உன் புருஷன் என்னத்த எழுதி வெச்சிருக்கான்னு படி," என்றாள் மைவிரல்.

விடைத்தாள் கட்டை மடியில் வைத்து, தடுப்பின் ஓரத்தில் இரண்டு பக்கமும் தெரியும்படி உட்கார்ந்திருந்த டீச்சர், சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, தந்தியின் தாளை எட்டி எடுத்துப் படித்தாள். "'விசையன் ஒலியைவிடப் பத்து மடங்கு வேகத்தில் குத்துகிறான்.'"

"போன வாரம் அஞ்சு மடங்குதானே?"

"பாறைக்கை அசையலை. அதான் பத்து," என்றான் தந்தி, மனைவிக்குச் சொல்வது போல.

"அடுத்த வாரம் நூறா? விலைவாசி மாதிரி ஏத்திக்கிட்டே போறானே."

"வேகம் இருந்தா அடி இருக்கும். எழுத வேண்டியதை நான் எழுதிட்டேன். வரையத் தெரியலைன்னா எழுதினவன் என்ன பண்ணுவான்?"

"எழுதறதுல என்ன இருக்கு? 'ஆயிரம் யானை வந்தன'ன்னு அவன் ஒரு வரி எழுதிட்டுத் தூங்கப் போயிடுவான். ஒவ்வொரு யானைக்கும் நாலு கால் போடறவ நான்."

"ஆமா, போன வாரம் போட்டாங்களே குத்து! குத்துறானா, கொசு அடிக்கிறானான்னு எடிட்டருக்கு எத்தனை பேர் போன் பண்ணிச் சிரிச்சாங்க தெரியுமா?"

டீச்சர் பேனாவைத் திறந்தாள். "இதை நான் திருப்பிச் சொல்லணுமா, இல்ல போய்ச் சேர்ந்திடுச்சா?"

போய்ச் சேர்ந்துவிட்டது. மைவிரல் ரப்பரை எடுத்துத் தாள் கிழியும் அளவுக்குத் தேய்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அச்சு இயந்திரம் உறுமியது.

தடுப்பு போட்டபோது எல்லாவற்றையும் பிரித்தவர்கள் அதை மட்டும் பிரிக்க மறந்திருந்தார்கள். இயந்திரம் அக்காவின் பக்கத்திலேயே நின்றுவிட்டது. தந்தி தன் பக்கத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் தாள் இந்தப் பக்கம் வந்து விழும். மூன்று வாரமாக டீச்சர்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்று அவள் எழுவதற்குள் மைவிரலின் கை முந்தியது.

தாளில் விசையன் இருந்தான். அவளுடைய விசையன், ஆனால் அவள் கை படாதவன்.

பளபளவென்று வண்ணம். கணினியில் வரைந்தது. முஷ்டியைச் சுற்றி ஒளிவட்டம். பின்னால் வேகக் கோடுகள் ஒரு வாழைத்தார் கனத்துக்கு. மூலையில் யாரோ ஒருவரின் கையெழுத்து.

வேற ஆள் என்றால் எங்கோ, எடிட்டரின் கற்பனையில் இருக்கிற ஆள் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்த ஆளைத் தேடிப் பிடித்து, விசையனை வரைந்து காட்டச் சொல்லி, அதை வீட்டுக்கே வரவழைத்திருப்பவன் தன் தம்பி என்பது இப்போதுதான் தெரிந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கும் பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. தரையை ஒரு உதை உதைத்தாள். நாற்காலி தடுப்பைச் சுற்றி உருண்டு போய்த் தந்தியின் மேசையில் இடித்து நின்றது.

"என்னடா இது?"

மூன்று வாரத்தில் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

தந்தியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அப்புறம் நிமிர்ந்து எழுந்து நின்றான். "மாதிரிப் படம். பாத்துட்டேல்ல, நல்லது. சொல்ற வேலை மிச்சம்."

"முதுகுல குத்தறதுக்குன்னா உனக்கு வேகம் நல்லாத்தான் வருது."

"உன்னை யாரு குத்தினா? நீ வரைஞ்சு குடுத்திருந்தா நான் ஏன் வெளியில தேடறேன்? பன்னெண்டு வருஷமா ஒரே மூஞ்சி, ஒரே கோணம். ஜனங்க கொட்டாவி விடறாங்க அக்கா!"

"அவன் மூஞ்சி என் கை. அதைத் தூக்கி எவன்கிட்டயோ குடுக்க நீ யாரு?"

"அவனைப் பேச வெச்சவன் நான். உன் கை இல்லைன்னா இன்னொரு கை."

மைவிரலுக்குக் கண் இருண்டது. நாற்காலியில் இருந்தபடியே இரண்டு உள்ளங்கைகளையும் அவன் நெஞ்சில் வைத்து, உடம்பிலிருந்த கோபத்தை எல்லாம் சேர்த்து ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

தந்தி அசையவில்லை.

அவள்தான் போனாள். சக்கரங்கள் கடகடக்க, கைகள் இரண்டும் முன்னால் நீட்டியபடியே, பின்னோக்கி உருண்டு, கூடத்தைக் கடந்து, சாப்பாட்டு மேசையில் முதுகு இடித்து நின்றாள். மேசையில் இருந்த தண்ணீர்க் குவளை ஒருமுறை யோசித்துவிட்டு விழுந்தது.

தந்தியின் வெள்ளைச் சட்டையில் இரண்டு கறுப்பு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. அவன் அதைக் குனிந்து பார்த்தான். பிறகு சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

"பாறைக்கைகூட இப்படித்தான் நின்னான்," என்றான். "இப்ப புரியுதா, உன் அடி ஏன் விழலைன்னு?"

  மைவிரல் அவனைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்," என்றாள் மெதுவாக. "தள்ளினது நான். அவன் நிக்கிறான், நான் ஏன் இங்க இருக்கேன்?"

டீச்சர் விடைத்தாள் கட்டைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் அவளுக்கும் பொறுமை தீர்ந்துவிட்டது தெரிந்தது. "ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வாயை மூடறதா இருந்தா சொல்றேன். மூணு வாரமா உங்க வாய்க்கு நான் தபால் சுமந்தது போதும்."

இருவரும் மூடினார்கள்.

"நீங்க அவரைத் தள்ளும்போது, அதே அளவு அவரும் உங்களைத் தள்றார். விரும்பித் தள்ளலை, சும்மா நின்னாலும் அப்படித்தான். தள்ளு ரெண்டு பக்கமும் சமம். யாரு நகர்றாங்கங்கறது யாரு தரையைப் பிடிச்சிருக்காங்கங்கறதைப் பொறுத்தது. அவர் காலு தரையில இருக்கு. உங்களுக்குக் கீழ சக்கரம்."

இதில் அதிசயம் எதுவும் இல்லை. திறக்க மறுக்கிற கதவை யாராவது அந்தரத்தில் குதித்துக்கொண்டே தள்ளுவார்களா? முதலில் காலை ஊன்றுகிறோம். பிறகுதான் தோளைக் கொடுக்கிறோம். கதவுக்குத் தெரிந்த இந்தச் செய்தி, சூரர்களை வரைகிற காகிதத்துக்கு மட்டும் எப்படியோ எட்டாமல் போயிற்று.

மைவிரல் எழுந்தாள். நாற்காலியை ஓரமாக உதைத்துவிட்டு, தம்பி நின்ற இடத்துக்கு வந்தாள். பக்கச் சுவர் தனக்குப் பின்னால் இருக்கும்படி அவன் எதிரில் நின்றாள். வலது குதிகாலைச் சுவரின் அடியில் கொடுத்தாள்.

"அவனை நிக்கச் சொல்லு டீச்சர்."

"எத்தனை தடவை வேணும்னாலும் நிக்கறேன்," என்றான் தந்தி, மார்பை விரித்து. "சட்டை எப்படியும் போச்சு."

அவள் தள்ளினாள். கோபம்கூட முன்பைவிடக் குறைவுதான். தந்தி ஒரு அடி, இரண்டு அடி, மூன்றாவது அடிக்கு இடம் இல்லாமல், துவைத்து வைத்த துணிக்கூடைக்குள் உட்கார்ந்தான். கூடை அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

டீச்சர் சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இது தள்ளு!" தந்தி கூடைக்குள்ளிருந்து கத்தினான். "குத்து வேற! என் ஆளுக்கு வேகம் இருக்கு! டீச்சர், நீயே சொல்லு, வேகம் ஏறினா அடி ஏறுமா ஏறாதா?"

"ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா அடிக்குப் பின்னால இருக்கிற ஆற்றல் நாலு மடங்கு. பத்து மடங்கானா நூறு மடங்கு."

"கேட்டியாக்கா! கேட்டியா!"

"முழுசாக் கேளுங்க. எது அந்த வேகத்துல போகுதுங்கறதுதான் கேள்வி." டீச்சர் அக்காவின் மேசையிலிருந்து அன்றைய படத்தை எடுத்து வந்தாள். "இங்க பாருங்க. உடம்பு அப்படியே அந்தரத்துல நிக்குது. கை மட்டும்தான் போகுது. ஒரு கை, உடம்பு எடையில இருபதுல ஒரு பங்கு இருக்குமா? அந்த ஒரு பங்குதான் அடிக்குது. மீதி உடம்பு வேடிக்கை பாக்குது."

பிங்பாங் பந்தும் செங்கல்லும் ஒரே வேகத்தில் நெற்றியை நோக்கி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்தென்றால் சுரீர் என்பதோடு போகும். செங்கல்லுக்கு யாரும் நெற்றியைக் காட்ட மாட்டார்கள். வேகம் ஒன்றேதான். வருகிற பொருள்தான் வேறு.

மைவிரல் படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். கோடு ஏற ஏற அடி ஏன் இளைத்தது என்பது இப்போது தெரிந்தது. கோடெல்லாம் முஷ்டியைச் சுற்றி மட்டுமே இருந்தது. 'இதுதான் போகிறது, மற்றதெல்லாம் சும்மா நிற்கிறது' என்று பார்க்கிற கண்ணிடம் ஐம்பது தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வெளியாள் ஒளிவட்டம் வேறு போட்டு நூறு தடவை சொல்லியிருந்தார்.

"ஆனா இவன் ஓடிவரும்போது உடம்பு முழுசும்தானே வருது?" என்றாள். "அந்த வேகம் எங்க போச்சு?"

டீச்சர் கணவனைப் பார்த்தாள். "அதை உங்க தம்பியைக் கேளுங்க."

தந்தி கூடையிலிருந்து எழுந்தான். கூடையும் கூடவே எழுந்து, பிறகு விழுந்தது. மைவிரல் அவன் மேசையிலிருந்த கதைத்தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தாள்.

"'விசையன் புயலாக வருகிறான். பாறைக்கையின் முன் அந்தரத்தில் நிற்கிறான். விசையன்: அடே பாறைக்கை! உன் கணக்கை முடிக்கும் நாள் இது! என் வேகத்தைப் பார்த்திருப்பாய், இனி என் கையைப் பார்! குத்துகிறான்.'" தாளைத் தாழ்த்தினாள். "நின்னு வசனம் பேசறான்டா."

"சண்டைன்னா வசனம் வேணாமா?"

"வந்த வேகத்தை எல்லாம் வாயால செலவழிச்சுட்டுக் கையை மட்டும் வீசறான். உன்னை மாதிரியே பெத்து வெச்சிருக்க அவனை!"

"நீ மட்டும் என்ன? பன்னெண்டு வருஷத்துல ஒரு படத்துல, ஒரே ஒரு படத்துல, அவன் காலைத் தரையில வெச்சிருக்கியா?"

கேட்டுவிட்டு அவனே வாயை மூடிக்கொண்டான்.

ஏனென்றால் அது யார் செய்த வேலை என்று மூவருக்கும் தெரியும். முதல் இதழின் முதல் பக்கத்தில் தந்தி ஒரு வரி எழுதினான்: 'விசையன் வந்தான். அவன் கால் தரையில் படவில்லை.' வாசகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அட்டையில் ஏறியது. பேனரில் ஏறியது. ஓடுகிறவனைப் பற்றிச் சொன்ன அந்த வரியை, அக்கா எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டாள். அன்று முதல் விசையன் நடந்தாலும் அந்தரம், நின்றாலும் அந்தரம், அடித்தாலும் அந்தரம். எழுதினவனும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஊரை அடிக்கக் கிளம்பிய ஒருவனை, இருவரும் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் வளர்த்திருந்தார்கள்.

"அவன் கால் தரையில படணும்," என்றாள் மைவிரல்.

"படக் கூடாது."

"படலைன்னா அடி விழாது."

"பட்டா அவன் விசையனே இல்ல! அந்த வரி என்னுது. அதுல கை வெச்ச, கதையை எடுத்துக்கிட்டு நான் போயிடுவேன்."

"வலிக்குதா? நான் வரைஞ்ச மூஞ்சியை இன்னொருத்தர்கிட்ட குடுத்தபோது எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

 மைவிரல் தன் பக்கம் போனாள். போகும்போது சமையலறையிலிருந்து நாலு கால் உள்ள மர நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் கசங்கிய காகிதம் ஒன்றுகூட விழவில்லை. அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தமும் இல்லை.

மூன்றரை மணி வாக்கில் தடுப்புக்கு மேலாக ஒரு காகித உருண்டை பறந்து வந்து அவள் மேசையில் விழுந்தது. பிரித்தாள். வசனம் முழுவதும் அடித்திருந்தது. கீழே, பேனா தாளைக் குத்திய அழுத்தத்தில், இரண்டே சொற்கள்: 'விசையன் ஊன்றினான்.'

"டீச்சர், உன் அண்ணிகிட்ட சொல்லு," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "இது அவங்களுக்காக இல்ல. நாலு மணிக்காக."

மைவிரல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். அந்த இரண்டு சொற்களையும் நடுப்படத்தின் கீழே எழுதி, பக்கத்தைப் படம் பிடித்து எடிட்டருக்கு அனுப்பினாள்.

பதில் போனிலேயே வந்தது. எடிட்டரின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே தடுப்பைத் தாண்டியது. "அம்மா, இதுதாம்மா அடி! என் தாடையைத் தடவிப் பாத்துக்கிட்டேன். ஆளை மாத்தற பேச்சே இனி என்கிட்ட இல்ல!"

போனை வைத்துவிட்டு மைவிரல் மை தோய்ந்த விரல்களைத் துணியில் துடைத்தாள்.  டீச்சர் அருகில் வந்து நின்றாள். நின்றவள் போகவில்லை.

"இன்னும் என்ன தபால்?"

"அண்ணி... அந்த ஓவியர் நாளைக்குக் காலையில வர்றார். எடிட்டருக்குத் தெரியாது. இவரே வரச் சொல்லிட்டார். இங்க, இந்தக் கூடத்துலதான் உக்காந்து வரையப் போறாராம். கேட்டதுக்கு, வீட்டுல பாதி எனக்கும் உண்டுங்கறார்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

மைவிரல் எழுந்து போய், ஓரமாகக் கிடந்த சக்கர நாற்காலியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அது உருண்டு தடுப்பைச் சுற்றிப் போய் அவன் பக்கத்தில் எங்கோ மோதி நின்றது.

"வரட்டும். வந்தா முதல்ல அதுல உக்கார வெச்சு, உன் புருஷனை எதிர்ல நிக்க வெச்சு, ஒரு தள்ளு தள்ளச் சொல்லு," என்றாள், தடுப்பைத் தாண்டி நன்றாகக் கேட்கும்படி. "அப்புறம் இன்னிக்கு வரைஞ்ச இந்தப் பக்கத்தைக் காட்டி இதைச் சொல்லு. வேகம் அடியைப் பெரிசாக்கும்; ஆனா கை மட்டும் வந்தாப் பத்தாது, உடம்பு முழுசும் அந்த வேகத்துல வரணும். முதல் படத்துல ஓடி வரட்டும், வேகக் கோடு எல்லாம் அங்கயே முடிஞ்சிடணும். நடுவுல நிக்கக் கூடாது, வசனம் பேசக் கூடாது. ரெண்டாவது படத்துல பின்காலை ஊன்றணும். மூணாவது படத்துல குதிகால், இடுப்பு, தோள், முஷ்டி நாலும் ஒரே கோட்டுல இருக்கணும். முஷ்டியைச் சுத்தி ஒரு கோடுகூட வேண்டாம். தரையை விட்டுக் கிளம்ப வேண்டியது அடிக்கிறவன் கால் இல்ல, அடி வாங்கறவன் கால்."